‘அன்று அப்படிச் செய்திருந்தால்...’

அரபிக் கல்லூரியில் ஓதி முடித்து ஸனது பெறும் நாளில், உஸ்தாதுமார்கள் மாணவனின் தலையில் தலைப்பாகை கட்டி துஆச் செய்து அனுப்புகிறார்கள். நமக்கு அந்த நாள் 2009-ஆம் ஆண்டில், நம்முடைய 22-வது வயதில் வாய்த்தது. முன்வரிசையில் வாப்பா அவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு அமர்ந்திருந்தார்கள். இனி நமது வாழ்வு மிஹ்ராபிலும் மிம்பரிலும்தான் என்று நாம் எண்ணிக் கொண்டோம்.

அல்லாஹுதஆலாவின் நாட்டம் வேறாக இருந்தது. ஒரு சிறிய மஹல்லாவில் மூன்றாண்டுகள் இமாமத் செய்தோம். நிகாஹ் நடந்து குழந்தையும் பிறந்த பின் சம்பளம் போதவில்லை. 2012-இல் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதச் சென்றோம். 2015-இல் ஷார்ஜா சென்று ஒரு பலசரக்குக் கடையில் நின்றோம். இன்று ஊரில் காலையும் மாலையும் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். இடையில் சிறு வியாபாரம் நடக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு பெரும் இழப்பு. 2019-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு, “ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயேன், வாப்பா” என்று தொலைபேசியில் கேட்டார்கள் நம் வாப்பா. அந்த மாதம் கூடுதல் வேலைக்குக் கூலி கிடைக்கவிருந்தது. “அடுத்த நோன்புக்கு வந்து விடுகிறேன்” என்றோம். 2020 மார்ச் 23-லிருந்து வெளிநாட்டு விமானங்கள் நின்று போயின. அடுத்த நோன்பு பிறக்கச் சில நாட்கள் இருக்கையில், ஷஃபான் கடைசியில், வாப்பா மௌத்தானார்கள். ஜனாஸாவில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாதென்று சட்டமிருந்த காலம் அது. நாம் ஷாபிஈ மத்ஹபின்படி, தங்கியிருந்த அறையில் நின்று காயிப் ஜனாஸாத் தொழுதோம்.

அன்றிலிருந்து, ‘பெருநாளைக்குப் போயிருந்தால்!’ என்ற எண்ணம் நம்மை விடவில்லை. இவ்வாறு எண்ணுவது மார்க்கத்தில் கூடுமா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி. இது நமக்கு மட்டும் உரியதன்று. வாசகர்களில் பலருக்கும் இப்படி ஒரு ‘இருந்தால்’ இருக்கவே செய்யும்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீதில், சோதனை நேர்ந்த பின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அச்சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்து விடும் என்று எச்சரித்தார்கள். ஆனால் ஹஜ்ஜத்துல் விதாவின்போது, பின்னர் தெரிந்தது முன்பே தெரிந்திருந்தால் குர்பானிப் பிராணியைத் தம்முடன் கொண்டு வந்திருக்க மாட்டோம் என்ற கருத்தில் அதே சொல்லை அவர்களே கூறியும் இருக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், இச்சொல்லில் ஆகுமானது எது என்பதற்கென்றே தமது ஸஹீஹில் ஒரு பாடம் அமைத்துள்ளார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, பயனற்ற விதத்தில் சொல்வதே தடை என்றும், தவறிப்போன வணக்கத்தை நினைத்து வருந்திச் சொல்வதில் குற்றமில்லை என்றும் விளக்கம் தருகிறார்கள்.

மேற்கண்ட முதல் ஹதீதின் தொடக்கத்தையும் கவனிக்க வேண்டும். பயன் தருவதில் ஆவல் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்கார்ந்து விடாதே என்ற கட்டளைகளுக்குப் பின்னரே அந்தத் தடை வருகிறது. எனவே மனிதனை உட்கார வைக்கும் கைசேதம் ஷைத்தானுடையது. எழுந்து ஒரு நன்மையைச் செய்யத் தூண்டும் கைசேதம் தவ்பாவைச் சேர்ந்தது. இந்த அளவுகோலைக் கொண்டு நம்முடைய கணக்கைப் பார்த்தோம்.

முதலாவது, தொழில் மாறியது. ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஹலாலான தொழில் ஒன்றிலிருந்து இன்னொன்றிற்குச் செல்வதும் அத்தகையதே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரம் செய்தவர்கள்தாமே! இதில் வருந்த ஒன்றுமில்லை.

இரண்டாவது, அந்த மஹல்லாவை விட்ட விதம். ரமளானுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லாமல் கிளம்பி விட்டோம். தராவீஹுக்கு இமாம் தேடி அவர்கள் அலைந்தார்கள். இது ஹக்குல் இபாத். இதற்கு விதியைச் சாக்காகச் சொல்ல முடியாது. 2022-இல் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். முதிய முத்தவல்லி அவர்கள், “ஹஜ்ரத், நீங்க போனதுல வருத்தமில்லே, கூலி பத்தலேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனதுதான் வருத்தம்” என்றார்கள். பத்தாண்டுகள் கழித்துக் கேட்ட அந்தச் சொல், நம் கணக்கில் நாம் எழுதியிராத குற்றத்தையும் எழுதிக் கொள்ளச் செய்தது. நாம் அவர்களை நம்பவே இல்லை!

மூன்றாவது, வாப்பா. அவர்களிடம் சென்று மன்னிப்புக் கேட்க இவ்வுலகில் வழியில்லை. ஆயினும் துஆவின் வாசல் திறந்திருக்கிறது. அவர்கள் வைத்துச் சென்ற கடன் அடைபட்டது. தந்தையின் நண்பர்களோடு உறவைப் பேணுவதும் தந்தைக்குச் செய்யும் நன்மையே என்று ஹதீதில் வந்துள்ளதால், அவர்களுடைய பால்ய நண்பர் ஒருவரை ஜும்ஆ தோறும் பார்த்து வருகிறோம். நமக்குத் தெரியாத வாப்பாவை அவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்கிறோம்.

இவ்வளவுக்குப் பின்னும் ஷஃபான் பிறந்தால் நெஞ்சு வலிக்கிறது. வலிக்கட்டும். மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் மரணித்தபோது நாயகம் (ஸல்) அவர்களின் கண்களும் நீர் சொரிந்தன. கண்ணீர் விதியை மறுப்பதாகாது.

பெற்றோரை ஊரில் விட்டுப் பிழைக்கச் சென்றுள்ள சகோதரர்களே! “வந்து போ” என்ற குரல் உங்கள் காதில் விழுமாயின், கூலிக் கணக்கை ஒருமுறை ஒதுக்கி வைத்துப் புறப்படுங்கள். தவறியவர்கள் உட்கார்ந்து விடாதீர்கள். செய்ய இன்னும் வேலை இருக்கிறது. அல்லாஹுதஆலா நம் பெற்றோருக்கு மக்ஃபிரத் செய்வானாக! நம் கைசேதங்களை நன்மைகளாக மாற்றித் தருவானாக! ஆமீன்.