பார்த்துக் கற்றலும் பார்த்தெழுதலும்

பிறர் செய்வதைப் பார்த்துச் செய்பவன் கலைஞனாக மாட்டான் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கலை பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்றும், பின்பற்றுதல் திறமையற்றோரின் புகலிடம் என்றும் பலர் கருதுகின்றனர். ஆயினும் வகுப்பறையிலே, மாதிரிக் கட்டுரையை வரி பிசகாது ஒப்புவிக்கும் மாணவனுக்கே நாம் கூடிய புள்ளிகளை வழங்குகின்றோம். இவை ஒன்றற்கொன்று முரணானவை. பின்பற்றுதல் கல்வியா, களவா என்பதை நாம் தெளிந்து கொள்ளாமையே இம்முரண்பாட்டிற்குக் காரணமாகும்.

ஒளிப்படக் கலையிலே இவ்வினா கூர்மையாக எழுகின்றது. விளக்கை எங்கே வைப்பது, எவ்வளவு சரிப்பது, எதனால் மறைப்பது என்பவற்றை அனுபவம் மிக்க ஒருவரின் அருகில் நின்றே பெரும்பாலோர் கற்கின்றனர். வங்காளத்து ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரெஞ்சு நெறியாளர் ழான் ரெனுவார், 1951 இல் வெளிவந்த ‘நதி’ என்னும் திரைப்படத்தை எடுப்பதற்காகக் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அதில் வேலை கேட்டுச் சென்ற இளைஞர் மித்ராவுக்கு வேலை கிடைக்கவில்லை. பின்னர், தந்தையார் ரெனுவாரிடம் அழைத்துச் சென்றதன் பயனாக, அருகிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதனை அவர் சிறிதென்று எண்ணவில்லை. ஒளிப்பதிவாளர் குளோட் ரெனுவார் எந்த விளக்கை எங்கே நிறுத்தினார், கமரா எவ்வாறு நகர்ந்தது என்பவற்றையெல்லாம் நாள்தோறும் எழுதியும் வரைந்தும் வைத்தார். முன்னர் எடுத்த காட்சியின் ஒளியை மீண்டும் அமைப்பதற்குக் குளோட் ரெனுவாரே அக்குறிப்புகளைக் கேட்டுப் பார்க்கும் அளவிற்கு அவை செம்மையாயிருந்தன.

சத்தியஜித் ராய் தமது முதற் படத்தின் ஒளிப்பதிவை மித்ராவிடம் ஒப்படைத்தபோது, அவர் திரைப்படக் கமராவை இயக்கியறியாதவர். 1955 இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ அவ்வாறு உருவாயிற்று. அடுத்த ஆண்டு வந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றம் கலையகத்திலே அமைக்கப்பட்டது. அத்தகைய முற்றத்தில் ஒளி வானத்திலிருந்து பரந்து இறங்கும்; கடும் நிழல் விழாது. கலையக விளக்குகளை நேரே பாய்ச்சினாலோ, விளக்குக்கு ஒன்றாக நிழல்கள் எழும். மித்ரா முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மீது பாய்ச்சினார். துணியிற் பட்டுத் திரும்பிய ஒளி வானொளி போன்று மெல்லெனப் பரவியது.

இது குளோட் ரெனுவாரைப் பார்த்தெழுதியதன்று. ‘நதி’ வண்ணப்படம், ராயின் படங்கள் கறுப்பு வெள்ளையில், சிறு பணத்தில் எடுக்கப்பட்டவை. ஆசான் விளக்கு வைத்த இடத்திலேயே விளக்கை வைத்திருந்தால் மித்ராவுக்கு எதுவும் கைகூடியிராது. அவர் பெற்றது விளக்கின் இடத்தையன்று. விளக்கை அங்கே வைத்ததற்கான காரணத்தையே. இக்காட்சியில் ஒளி இயல்பாக எங்கிருந்து வரும் என்ற வினாவைக் கற்றவர், விடையைத் தாமே கண்டார். நன்னூலார் வகுத்த வழிநூலும் இத்தகையதன்றோ? அது முதல்நூலின் பொருளைத் தழுவும். ஆயினும் வழிநூலாசிரியன் வேண்டிய வேறுபாட்டையும் ஏற்கும்.

ஆகவே, விளைவைப் பின்பற்றுவது பார்த்தெழுதல். காரணத்தைப் பின்பற்றுவது கல்வி. முன்னையதில் ஆசானின் நிழல் மட்டுமே எஞ்சும். பின்னையதில் ஆசானின் உழைப்பு இன்னொருவரின் கையிலே தொடர்ந்து வளரும்.

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. மித்ராவுக்குக் கதவு திறந்தது தந்தையார் உடன் சென்றமையாலேயே. அழைத்துச் செல்ல ஒருவருமின்றி வாயிலிலே திரும்பியவர் எத்தனை பேர்? வில்வித்தை அரச குலத்தின் உடைமையாயிருந்த சமூகத்தில், மண்ணுருவை முன்வைத்துப் பயின்ற ஏகலைவன் பெருவிரலை இழந்தான். அவனைத் தண்டித்தது அவன் பின்பற்றினான் என்பதற்காகவன்று. கற்க உரிமையற்றவன் கற்றுவிட்டான் என்பதற்காகவே. தொழில் நுட்பத்தை வெளியிட்டால் நாளைய சோறு போய்விடுமே என்றஞ்சும் படப்பிடிப்பாளரை நாம் பழிக்க முடியாது. அறிவைப் பகிர்ந்தவன் பட்டினி கிடக்க நேரும் ஓர் அமைப்பே பழிக்கத்தக்கது.

பிறவி மேதை என்ற கதை இந்த அமைப்புக்கே துணை போகின்றது. உழைப்பையும் வாய்ப்பையும் மறைத்துவிட்டு, கற்க முடியாமற் போனவனையே அது குற்றவாளியாக்குகின்றது. ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது தெளிவானது. மாதிரிக் கட்டுரையை மாணவனிடம் கொடுப்போம். ஆனால், இவ்வாக்கியம் இங்கே ஏன் நிற்கின்றது என்று அவனைக் கேட்காமல் அதனைத் திருப்பி வாங்காதிருப்போம்.