அரண்மனை வாசலும் லாசரும்



விடுமுறை நாட்களில் நம் கான்சாபுரத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள், தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்து வாருங்கள். அது கருங்கல் கோட்டைக்குள்ளே மரத்தால் இழைத்த மாளிகை. திருவிதாங்கூர் மன்னர்களின் ஆலோசனை மண்டபம், மூலிகை மரங்களால் செய்த கட்டில், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை, ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரை யாவும் அங்கே உண்டு. இன்று அது கேரள அரசின் பொருட்காட்சிசாலை. திங்கட்கிழமை தவிர, சீட்டு வாங்கிய எவரும் உள்ளே போகலாம்.

ஊட்டுப்புரையில் சற்றே நின்று பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அக்காலத்தில் பிறப்பைப் பார்த்தே பந்தி. அந்த அரண்மனையில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர், நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன். டச்சுத் தளபதி டிலனாய் மூலம் சத்திய வேதத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். ஜாதி பாராமல் எல்லாரும் சர்வேசுரனின் பிள்ளைகளே என்று போதித்தார். 1749-ல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

சேசுநாதர் சொன்ன உவமையை நினையுங்கள். நாள்தோறும் விருந்துண்ட செல்வனுக்கு அதில் பெயரே இல்லை. வாசலில் கிடந்த ஏழைக்கு மட்டும் பெயர் உண்டு: லாசர். அரசரின் கட்டில் இன்று வேடிக்கைப் பொருள். லாசர் தேவசகாயமோ 2022 மே 15-ல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார். அதற்கு முன்பே, 2020-ல், அவர் பெயரோடு ஒட்டியிருந்த ஜாதிப் பட்டத்தை உரோமாபுரி நீக்கிவிட்டது.

நாம் நீக்கினோமா? ஒரே பீடத்தில் ஒரே நற்கருணை வாங்குகிறோம். கோயில் வாசலைத் தாண்டியதும் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யார் வீட்டில் பெண் எடுப்பது என்று கணக்குப் பார்க்கிறோமே! அரசரின் ஊட்டுப்புரை எல்லாருக்கும் திறந்துவிட்டது. நம் வீட்டு அடுப்படி திறந்ததா?

திரும்பும் வழியில் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவருடைய கல்லறை முன் குடும்பமாய் முழங்காலிடுங்கள். வீடு வந்தபின், இதுவரை அழைக்காத ஒருவரைச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். நம் வாசலில் நிற்கும் லாசரை அறிந்துகொள்ளும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.