பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் காதில் விழும் வார்த்தை



பொதுப் பரீட்சை நெருங்கும் நாட்களில் நங்கநல்லூரில் இரவு வெகுநேரம் விளக்கெரியாத வீடு அரிது. பிள்ளைகள் கண்விழித்துப் படிக்கிறார்கள்; தாய்மார் ஜெபமாலை சொல்லுகிறார்கள். நல்லதே. ஆனால் "இவனுக்குக் கணக்கு வராது", "பெண்பிள்ளைக்கு இது ஏறுமா?", "நம் குலத்தில் யார் படித்தார்கள்?" என்ற பேச்சும் அதே வீடுகளில் கேட்கிறதல்லவா? அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆராய்ச்சியாளர் உத்தரப் பிரதேசக் கிராமப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தி 2004-இல் அதன் முடிவை வெளியிட்டனர். மேல்சாதிச் சிறுவர் 321 பேர், தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி காண்பதே பரீட்சை. சாதியைச் சொல்லாதபோது இரு சாராரும் ஏறக்குறையச் சமமாகவே செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்பாக அறிவித்தபோதோ, ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். புதிர் ஒன்றே, நடுவில் நுழைந்தது ஒரு வார்த்தை மாத்திரம்.

ஏன் இப்படி? "நான் தவறினால் அவர்கள் சொல்வது மெய்யாகிவிடுமே" என்ற அச்சமும், "எனக்கு எங்கே நியாயம் கிடைக்கும்" என்ற சோர்வும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். மனம் ஒரே நேரத்தில் தாங்குவது கொஞ்சமே. அதில் பாதியைப் பயம் தின்றுவிட்டால் கணக்குக்கு மிஞ்சுவதென்ன?

நசரேத்தூரிலிருந்து நன்மை வருமா என்று நம் ஆண்டவரையே ஊரைச் சொல்லித் தாழ்வாய் எண்ணினார்கள். அர்ச். ஜான் மரிய வியான்னி லத்தீன் பாஷை ஏறாமல் தவித்து, குருமடப் பரீட்சையில் தவறினார். பாலே என்ற குருவானவர் ஒருவர் அவரைக் கைவிடவில்லை. 1815-இல் வியான்னி குருப்பட்டம் பெற்றார்; ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குக்குருவாகி உலகறிந்த அர்ச்சிஷ்டவரானார். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாலே யார்?

ஆகையால், பரீட்சை நாள் காலையில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள். "படித்ததை நிதானமாய் எழுது, மார்க்கு எதுவானாலும் நீ எங்கள் பிள்ளை" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புங்கள். பிறர் பிள்ளையைச் சாதி சொல்லிப் பழித்திருந்தால், அதைச் சிறு குற்றமென்று தள்ளாமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள்.

சர்வேசுரன் நம் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.