பயத்துக்கா குரூப் எடுக்கிறாய்?

பதினோராம் வகுப்புக்கான படிவம் உன் முன்னால் கிடக்கிறது. துபாயோ, ஷார்ஜாவோ, தோஹாவோ, கேள்வி ஒன்றுதான். எந்த குரூப்?

முதலில் பென்சிலில் பிசிக்ஸ், மேத்ஸ் என்று எழுதினாய். அழித்தாய். அதன் மேலேயே பேனாவால் காமர்ஸ்! ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் நைந்து போயிருக்கிறது.

ஏன் அழித்தாய்?

காமர்ஸ் உன் ஆசை என்றால் துணிந்து எழுது! ஆனால் உண்மை அதுவா? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்? வெயில்ல சைட்டுல நிப்பியா?" என்றார் பெரியப்பா. நீ தலையாட்டிவிட்டாய்!

பெண்களுக்குக் கணக்கு வராதா? யார் சொன்னது? டிம்ஸ் என்ற சர்வதேசத் தேர்வு 2019-இல் நடந்தது. ஓமனிலும் பஹ்ரைனிலும் எட்டாம் வகுப்புக் கணக்கில் முந்தியது யார்? பெண் பிள்ளைகள்!

நீ வாழும் வளைகுடா மண்ணைப் பார்! சாரா அல் அமீரி ஷார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தபோது அமீரகத்துக்கு விண்வெளி முகமையே கிடையாது. அது வந்ததே 2014-இல்தான். வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்தா அவர் படித்தார்?

2021 பிப்ரவரியில் அமீரகத்தின் 'ஹோப்' விண்கலம் செவ்வாயை எட்டியது. அதன் அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். குழுவில் 80 சதவீதம் பெண்கள்!

"அவங்களுக்கு வசதி இருக்கு" என்கிறாயா? அந்தச் சாக்கும் செல்லாது!

செங்கோட்டை நிகர் ஷாஜி. விவசாயி மகள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயக் கிளம்பியதே ஆதித்யா எல்-1, அதன் திட்ட இயக்குநர்!

இன்னும் பின்னால் போ. 1940-கள். சென்னை, கிண்டி பொறியியல் கல்லூரி. ஆண்கள் மட்டுமே படித்த இடம். 18 வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற லலிதா அங்கே நுழைந்து மின்பொறியாளராக வெளியே வந்தார். உன் தடை அதைவிடப் பெரிதா?

தம்பி, நீ எங்கே நழுவுகிறாய்? உனக்கு சைக்காலஜி பிடிக்கும். நர்சிங் பிடிக்கும். "ஆம்பள, குடும்பத்தத் தாங்கணுமே" என்று பிடிக்காத இன்ஜினியரிங்கில் விழப் போகிறாய். வளைகுடா மருத்துவமனைகளில் ஆண் நர்ஸ்கள் சம்பாதித்து வீட்டைத் தாங்கவில்லையா? வெட்கம் எதற்கு?

தங்கச்சி, உனக்கு ஃபெயிலாகிவிடுவேன் என்ற பயமா? ஒரு டெஸ்டில் மார்க் குறைந்தால் மறுபடி எழுதலாம். எழுதாமலே ஓடினால்?

நாளைக்கே பிசிக்ஸ் மேடத்திடம் போ. புரியாத பாடத்தைக் காட்டு. வெட்கப்படாமல் கேள்!

இரவு அப்பா டியூட்டி முடிந்து வருவார். சாப்பிடட்டும். எதிரே உட்கார். அழாதே, காரணத்தோடு பேசு! "பார்க்கலாம்மா" என்பார்.

விடாதே! "எப்போ சொல்வீங்கப்பா?" என்று கேள்!