ஒரு வாளித் தண்ணீர்

சென்ற மாரியில் ஒருநாள், என்னிடம் படித்த ஒருவன் வீடு தேடி வந்தான். கடன்பட்டு ஐந்நூறு இறைச்சிக் கோழிகள் வளர்க்கிறான். முப்பது கோழிகள் மூச்சுத் திணறித் தூங்கி விழுகின்றனவாம். "தண்ணியில மருந்து கலக்கப் போறன் சேர். சுகமான கோழியும்தான் குடிக்கும். அது பிழையா?" என்றான்.

ஐக்கிய அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. கோழிகளின் ஈ.கோலை நோய்க்கு என்ரோபுளொக்சசினைக் குடிநீரில் கலக்க 1990களில் அங்கே அனுமதித்தார்கள். அதே கோழிகளின் குடலில் கம்பைலோபக்டர் என்னும் பற்றீரியாவும் இருந்தது. அது கோழியைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. மனிதருக்கே வயிற்றோட்டம் தருவது. மருந்துக்கு மசிந்தவை செத்தன. மசியாதவை பெருகி இறைச்சியோடு வெளியேறின. மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசினும் அதே மருந்துக் குடும்பம்தான். ஒன்றை வென்ற கிருமி மற்றதையும் வெல்லும். 2000இல் தடை முன்மொழியப்பட்டு, நீண்ட வாதப் பிரதிவாதங்களின் பின் 2005 செப்டெம்பரில்தான் அந்த அனுமதி இரத்தானது.

தராசில் கள்ளம் செய்பவன், தான் ஏமாற்றும் ஆளின் முகத்தைக் காண்கிறான். வாளியில் மருந்து கரைப்பவன் எவர் முகத்தையும் காண்பதில்லை. முகம் தெரியாததால் பொறுப்பு இல்லாமல் போகுமா? போகாது என்றே நினைக்கிறேன். மருந்தின் வலு குளத்துத் தண்ணீர் போல ஊர்ப் பொது. தண்ணீர் பாய்ச்சுவதில் முறை தவறினால் வட்டவிதானை கேட்பார். கடைசி வயற்காரன் சண்டைக்கு வருவான். இங்கே கடைசி வயற்காரன் இன்னும் பிறக்காத பிள்ளையாகவும் இருக்கலாம். அவன் எப்படிச் சண்டைக்கு வருவான்?

ஆனால் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. போன வருடம் மகளின் தடிமலுக்கு, அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை வைத்தியரிடம் கேளாமல் கொடுத்தவன் நான். தடிமல் வைரசால் வருவது, அக்குளிசை அதற்கு உதவாது என்று வகுப்பில் படிப்பிப்பவனும் நானே. அவனிடமாவது நோயுற்ற கோழிகள் இருந்தன.

"மிருக வைத்தியரிடம் காட்டு. அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடு. நோயுற்றதைப் பிரித்து வை. ஈர உமியை மாற்று" என்றேன்.

"சரி சேர். அதுக்குள்ள செத்தா நட்டத்த ஆர் தருவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. மருந்தின் வலுவைக் காப்பது எல்லாருக்குமான நன்மை. அதன் செலவை அவனொருவன் தலையில் ஏற்றுவது நீதியாகாது. மலிவாகக் கோழி கேட்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

மறுநாள் வைத்தியரைக் கூட்டிவரும் ஓட்டோச் செலவை நான் கொடுத்தேன். அவன் கேள்விக்கு அது விடையாகாது என்பது தெரியும்.