வழியில் வலியவன்

பாசிர் கூடாங் துறைமுகச் சாலையில் சைக்கிள் மிதிப்பவன், பின்னே கொள்கலன் லாரியின் ஊதல் கேட்டவுடன் அஞ்சி ஓரத்து மணலில் இறங்கிவிடுகிறான். “சாலை எல்லார்க்கும் பொதுவன்றோ?” என்று அவன் மனம் குமுறுகிறது. அக்குமுறல் நியாயமே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அவனே விடுமுறை நாளில் நீரிணை கடந்து சிங்கப்பூருக்குச் செல்கிறான் என்று கொள்வோம். அங்கே உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை ஓடிய மலாயா இரயில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு நின்றது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகட்கும் உரிய பசும்பாதையாயிற்று. புக்கிட் தீமா இரும்புப் பாலங்கள் பழைய இரயிலை நினைவூட்டி நிற்கின்றன. அச்சரளைப் பாதையில் லாரி இல்லை. ஆகவே அங்கு வலியவன் சைக்கிளோட்டியே! முன்னே முதியவர் ஒருவர் தடியூன்றிச் செல்கிறார். இவன் வேகத்தைத் தணிக்கிறானா, அன்றி மணியடித்து அவரை ஓரத்திற்கு விரட்டுகிறானா?

மேலுள்ளவனிடம் சமத்துவம் கேட்டுக் கீழுள்ளவனுக்கு அதை மறுப்பது நம் சமுதாயத்தின் பழம்பிணி. தோட்டத் துரை தம்மை மனிதராய் மதிக்க வேண்டுமென விரும்பியோரே லயத்திற்குள் சாதி பார்த்ததுண்டு. லாரிக்கு அஞ்சி ஒதுங்குவது பணிவன்று. அது வெறும் அச்சம். அஞ்ச வேண்டாத இடத்தில், தன்னினும் மெலியார்க்கு வழிவிடுவதே பணிவு. உரிமை என்னும் சொல்லை நாம் மெய்யாகவே நம்புகிறோமா என்பதை நெடுஞ்சாலை காட்டாது. லாரியில்லாப் பாதையே காட்டும்.