பிணியுற்ற நாயும் கொல்லாமையும்

சில திங்கள்களுக்கு முன் ஒருநாள் மாலை, திருமுதுகுன்றத்துப் பழமலைநாதர் திருக்கோயிலில் வழிபாடு முடித்து வெளிப்போந்தேனாக, கோபுர வாயிலில் எனக்காகக் காத்து நின்றார் ஓர் அன்பர். அவர் இவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்ப்பவர். நெருப்பின் நிறம் கண்டே சூட்டின் அளவு சொல்ல வல்லவர். "ஐயா, வீட்டிலே ஒரு நாய், பதின்மூன்று வயது. மூட்டுவாதத்தால் எழமாட்டாமற் கிடக்கிறது. இனித் தேறாது, ஊசி போட்டு நோவின்றி அனுப்பிவிடலாம் என்கிறார் மருத்துவர். பாவமாகுமா? மடத்திலே படித்தவர்கள் நீங்கள், சொல்லவேண்டும்" என்றார்.

யான் சிறிதும் ஆராய்ந்திலேன். "கொல்லாமைக்கு மேற்பட்ட விரதம் சைவனுக்கு வேறில்லை. இத்தலத்தில் இறக்கும் உயிர்க்கெல்லாம் இறைவனே துணை. அது தானாகப் போகட்டும், தம்பி" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். அந்நாய் அதன்பின் பதினொரு நாள் உயிரோடிருந்தது. எட்டாம் நாள் காணச் சென்றேன். ஒரே பக்கமாகக் கிடந்து கிடந்து இடுப்பெலும்பின்மேல் தோல் கிழிந்து புழு வைத்திருந்தது. அவரும் அவர் மனைவியாரும் முறைவைத்து இரவெல்லாம் விழித்து ஈயோட்டிக் கொண்டிருந்தனர். என்னைக் கண்டு அது வாலை ஒருமுறை அசைத்தது. யான் அங்கு நெடுநேரம் நிற்கமாட்டாது மீண்டேன். அன்று முதல் இவ்வினாவை விடாது எண்ணி, நூலிலும் உலகியலிலும் கண்டவற்றை ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

மூட்டுவாதம் தானே கொல்லும் நோயன்று. முட்டுகளில் என்பும் என்பும் உராயாதபடி காக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோக, ஒவ்வோர் அசைவும் நோவாகின்றது. ஆனால் நெஞ்சும் ஈரலும் நன்னிலையிலிருப்பின் இந்நோயோடு நாய் ஆண்டுகள் பல வாழும். ஆகவே, 'நோய் முடிவு செய்யும், நாம் வாளா இருப்போம்' என்பார்க்கு இந்நோய் இடந்தருவதில்லை. மேலும் நாய் தன் நோவை மறைக்கும் இயல்பினது. அழுது காட்டாது, எழுவதற்குத் தயங்கும், முட்டை நக்கும், படி ஏற மறுக்கும், அவ்வளவே. அதனை 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடுகின்றோம்.

கொல்லுதலைப் பற்றிப் பேசுமுன் காத்தலைப் பற்றிப் பேசுதல் முறை. உடற்பருமனைக் குறைத்தலே பாதி மருந்து. பளபளக்கும் ஓடு பதித்த தரையில் இத்தகைய நாய்க்குக் கால் நழுவும்; இவ்வூர்க்காரர் இதனை நன்கறிவர். ஒரு சாக்கு விரித்தால் அது நழுவாது எழும். நமக்குரிய வலிமாத்திரைகளை அதற்குக் கொடுத்தல் பெருந்தீங்கு. அவற்றுட் பல நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே அமைந்த மருந்துகள் உள. அவற்றை மருத்துவர் வாயிலாகவே பெறல் வேண்டும். இவை யாவும் செய்து பாராமல் ஊசியை நாடுபவன் கொலைஞனே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவை யாவும் செய்தும் பயனில்லையாயின்? இங்கேதான் நம்மவருள் ஒரு தடை எழும். 'உயிர் நுகரவேண்டிய பிராரத்த வினையை இடையில் அறுத்தால், எஞ்சியது வேறோர் உடம்பில் வந்து பற்றாதோ? நோயும் மூப்பும் சாக்காடும் கருவிலேயே வரையறுக்கப்பட்டன என்றன்றோ சித்தியார் கூறும்?' என்பர். யானும் அன்று இதனையே மனத்துட் கொண்டிருந்தேன். இப்போது கூறும் விடை இது: வினைப்பயனில் நாம் கைவைத்தலாகாது எனின், மருந்து கொடுத்தலும் ஆகாது, முள்ளெடுத்தலும் ஆகாது. அங்ஙனம் எந்தச் சைவரும் ஒழுகவில்லை. நோய் வினையால் வந்ததாயின் அதனைத் தணிக்கும் கையும் வினைவழியே வந்ததாகலாம். சாநாள் கருவிலேயே குறிக்கப்பட்டதெனின், ஊசி அந்நாளன்றி வேறொரு நாளிற் செல்லவும் மாட்டாது. இதனாற் கொல்வான் தப்பினான் என்று கொள்ளற்க. அவன் எக்கருத்தோடு செய்தானோ அக்கருத்தே அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். ஆதலின் ஆராயவேண்டுவது நாயின் வினையை அன்று, நம் உள்ளத்தை. அது படும் துன்பத்துக்காகவோ, நாம் படும் தொல்லைக்காகவோ?

இவ்வினாவை நம் நாட்டில் வெளிப்படையாக நிறுத்தியவர் காந்தியடிகள். 1928ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று உறுப்பு முடமாகிக் கிடந்தது. பிழைக்க வழியில்லை என்றார் மருத்துவர். புரட்டிப் படுக்கவைக்கவும் இயலாத நோவு. உயிரைப் படைக்க மாட்டாத நமக்கு அதனைப் போக்க உரிமை ஏது என்று ஒருவர் வன்மையாகத் தடுத்தார். தன்னலத்துக்காகப் போக்குவோமாயின் அவ்வுரை பொருந்தும் என்று கருதிய அடிகள், மருத்துவரைக் கொண்டு நஞ்சு ஊசி போடுவித்துத் தாமும் உடனிருந்தார். செய்ததை மறைக்காமல் தம் இதழில் எழுதவும் எழுதினார். கொல்லாமையையே உயிராகக் கொண்ட குசராத்து நாட்டிலிருந்து வசைக் கடிதங்கள் மழையாய்ப் பொழிந்தன. வெறிநோய் கண்டு தீர்வின்றி வருந்துவது தம் பிள்ளையேயாயினும் தம் கடமை இதுவே என்று அவர் எழுதிய அளவுக்கு என்னாற் செல்ல இயலவில்லை. மக்களுயிரைப் பற்றிய ஆராய்ச்சி வேறு. ஆனால் மறைக்காமற் செய்தார் என்பதை மதிக்கின்றேன். பின்னர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் எழுந்த 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், உயிரோடு வைத்திருத்தலே கொடுமையாகும் நிலை ஒன்று உண்டென ஒப்புகின்றது.

கொல்லவும் மாட்டாமல் காக்கவும் மாட்டாமல் மூன்றாவது வழி ஒன்றைச் சிலர் கைக்கொள்வர். இரவில் வண்டியிலேற்றிச் சென்று, அறியாத ஊரில் இறக்கிவிட்டு வருவர். கையில் இரத்தமில்லை என்று ஆறுதலும் கொள்வர். தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுவிட்டு வானுலகேற மறுத்தான் தருமன். இவர்களோ வீட்டுத் தரை கெடாமைக்காக விடுகின்றனர். 'நாயினேன்' என்று நாடோறும் ஓதும் வாய் நமக்கு.

அங்ஙனமாயின் அந்நாளை எவ்வாறு அறிவது? அமெரிக்க நாட்டு விலங்கு மருத்துவர் ஆலிசு வில்லலோபாசு என்னும் அம்மையார் ஏழு பொருள்களை வகுத்துள்ளார்: நோவு, உணவு, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாளினும் நல்ல நாள் மிகுதியாதல். ஒவ்வொன்றுக்கும் 10 எண் வரை இட்டு, கூட்டுத்தொகை 35க்கு மேற்படின் காத்தலைத் தொடரலாம் என்பர். உயிரை எண்ணால் அளப்பதா என்று முதலில் முகஞ்சுளித்தேன். ஆயினும் அன்புடையார்க்கு இது வேண்டும். தினமும் பார்ப்பவன் கண்ணுக்குத் தேய்வு தெரியாது. நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும் தீய நாளுக்கு ஒரு குறியும் இட்டு வந்தால், திங்கள் முடிவில் அத்தாளே சொல்லும். குறியிடுபவர் அதற்குச் சோறு வைப்பவராகவே இருத்தல் வேண்டும். என்னைப் போல் கோபுர வாயிலில் நின்று தீர்ப்புரைப்பவராக அல்ல. நாள் குறித்தபின், முதலில் மயக்க மருந்து, அது உறங்கியபின் உயிரடங்கும் மருந்து என்னும் முறையையே மருத்துவரிடம் கேட்டுப் பெறுக. வளர்த்தவர் கை அதன் தலைமேல் இருக்கட்டும்.

இனி, யான் அன்று துணையாகக் காட்டிய தலப்பெருமைக்கு வருகின்றேன். காசியினும் மிக்கதாக இத்தலத்தைப் போற்றுவர் முன்னோர். இங்கு இறக்கும் உயிரைத் தொடைமேற் கிடத்தி, அம்மை தன் ஆடையின் தலைப்பால் விசிற, ஐயன் திருவைந்தெழுத்தைச் செவியில் உரைப்பன் என்பது கந்தபுராணம் கூறும் செய்தி. ஐம்பதாண்டுகளாக இதனைப் பாடஞ்சொல்லியும், விசிறலின் கருத்தை யான் எண்ணினேனல்லேன். முத்தி கொடுக்க ஐயன் ஒருவனே போதுமே. அம்மை எற்றிற்கு விசிறுகின்றாள்? சாகும் உயிரின் வெப்பும் வேதனையும் தணிக்கவன்றோ? நோவு முந்நிற்கும் செவியில் எவ்வுரையும் ஏறாது. முத்தித் தலத்தில் இருக்கின்றது, கிடந்து வருந்தட்டும் என்றேனே, அம்மை செய்யும் பணியை அன்றோ மறந்தேன்!

சென்ற திங்கள் சூளைக்கே சென்று அவ்வன்பரைக் கண்டேன். நாயை மணிமுத்தாற்றங்கரையிற் புதைத்ததாகச் சொன்னார். "தம்பி, அன்று யான் சொன்னது பிழை" என்றேன். அவர் சூளை வாயை நோக்கியபடியே சிறிது நேரம் நின்று, "எட்டாம் நாள் வந்தீர்களே ஐயா, அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே" என்றார்.